வாசலில்தான் வேலை

வேன் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில்தான் வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பகல்நேரப் பராமரிப்பு மையத்து வேனுக்கு அது பொருந்தாது. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, வேளச்சேரி என்று தென்சென்னைத் தெருக்களில் முப்பது வருஷமாக இந்த வண்டியோடு இருக்கிறேன். முதலில் டிரைவராக, பிறகு வண்டிகளுக்குப் பொறுப்பாளராக. சிக்கல் என்று வந்ததில் பெரும்பகுதி வீட்டு வாசலில் வந்தது. மிச்சம் மையத்து வாசலில் வந்தது. ரோட்டில் வந்தது கொஞ்சம்தான்.

எங்கள் வண்டியில் இன்று ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று ஏதோ ஒன்றோடு, சிலர் ஒன்றுக்கு மேற்பட்டதோடு, வளர்ந்து பெரியவர்களானவர்கள். சிறப்புப் பள்ளியில் வயது முடிந்ததும் ‘அடுத்து எங்கே?’ என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் காலை ஒன்பதரைக்கு மையத்துக்கு வந்து, கவர் ஒட்டி, மெழுகுவத்தி வார்த்து, பயிற்சி செய்து, சேர்ந்து சாப்பிட்டு, மூன்றரைக்குக் கிளம்புவார்கள். மையத்துக்குள் நடப்பதைப் பற்றி எழுத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே வந்து சேருவதைப் பற்றி எழுத எங்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறோம்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதற்குமுன் ஒரு கம்பெனியில் ஸ்டாஃப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள், வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கேயோ ஓடித் தேய்ந்து வந்த மட்டடோர் வேன். டீசல் லிட்டர் பத்து ரூபாய்க்குள் கிடைத்த காலம். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு மெத்தை. சீட் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. உதவிக்கு ஒரு கிளீனர் பையன். அப்போது பள்ளியும் மையமும் ஒரே கட்டடத்தில் நடந்தன. வந்தவர்களில் பாதிப்பேர் பன்னிரண்டு, பதினைந்து வயதுக்காரர்கள். தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஏற்றியாயிற்று.

அதே ஆட்கள் வளர்ந்தார்கள். இதைப் போய் ஒரு செய்தியாகச் சொல்கிறானே என்று தோன்றலாம். ஆனால் யாருடைய கணக்கிலும் இது இருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் இடுப்பில் வந்த பையன் இருபத்தைந்தில் அறுபது கிலோ. தூக்கிய அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிள்ளையின் எடை ஏற ஏறப் பெற்றவர்களின் தெம்பு இறங்குகிறது. ஏதோ ஒரு வருஷத்தில் இனி தாங்காது என்று ஆகிறது. அப்போதுதான் “நாளையிலேர்ந்து வரமாட்டான் சார்” என்று போன் வரும். மையத்தில் குறை கண்டு நின்றவர்களை எனக்கு அதிகம் தெரியாது. மாடியிலிருந்து இறக்க ஆள் இல்லாமல் நின்றவர்களை நிறையத் தெரியும்.

மடிப்பாக்கத்தில் ஒரு தம்பி. மூளை முடக்குவாதம், விறைப்பு அதிகம். அவரை வண்டியில் உட்கார வைப்பது தினமும் ஒரு மல்லுக்கட்டு. நான் தோளுக்கடியில் பிடிப்பேன், கிளீனர் காலைப் பிடிப்பான். தூக்கியதும் உடம்பு தலை முதல் கால் வரை விறைத்து நீண்டுவிடும். சீட்டில் வைத்தால் வழுக்கிக் கீழே வருவார். அழுத்திப் பிடித்தால் இன்னும் விறைக்கும். எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வண்டியில் கூட வந்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அண்ணே, காலைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல இடுப்பை மடக்குங்க” என்றார். ஒரு கையை முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு கையை இரண்டு முட்டிக்கு அடியிலும் கொடுத்து, முட்டிகளை மெல்ல நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தார். இடுப்பு மடங்கியதும் உடம்பு தானாகத் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியிலேயே இடுப்பைச் சீட்டின் பின்மூலையில் பொருத்தினார். பெல்ட்டை வயிற்றின்மேல் போடவில்லை, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் போட்டார். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்தார். “தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க. திடீர்னு தொட்டா அவருக்கு உடம்பே தூக்கிப் போடும்” என்றார்.

நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பலம் இருக்கிறவன் தூக்குகிறான் என்பது இந்த வேலை இல்லை. யாருக்கு உடம்பு எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்று தெரிந்தவன் ஏற்றுகிறான். அதற்குப் பிறகு நான் வாசலில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினேன். சத்தத்துக்கு விறைக்கிறவர்கள், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் வண்டிக்குள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். வேகத்தடையில் வண்டியை ஏற்றுவதும் அப்படித்தான். கழுத்து நிற்காதவருக்குச் சின்னக் குலுக்கல்கூடப் பெரிய அடி. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் தன் செலவில் வேகத்தடை போட்டிருக்கிறார் என்பது எனக்கு மனப்பாடம்.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வேனின் தளம் தரையிலிருந்து 2 அடி இருந்தால் 24 அடி சாய்தளம் வேண்டும். நங்கநல்லூர்த் தெருவில் 24 அடி நீட்டினால் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விடும். வண்டியில் மடித்துக் கொண்டுபோகிற சாய்தளம் ஆறு, ஏழு அடிதான் வரும். அந்தச் செங்குத்தில் ஆளையும் நாற்காலியையும் ஒருவரால் தள்ள முடியாது. பின்னால் ஒருவரும் முன்னால் ஒருவரும் வேண்டும். இறக்கும்போது அவர் முகம் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும், முதுகுப் பக்கமாகத்தான் இறக்க வேண்டும். உள்ளே போனதும் நாற்காலியின் நான்கு மூலையையும் தளத்தோடு பட்டை போட்டு இறுக்க வேண்டும். நாற்காலியின் பிரேக் மட்டும் போதும் என்று விட்டால், வண்டி பிரேக் போடும்போது நாற்காலி முன்னால் வந்துவிடும். உட்கார்ந்திருப்பவருக்குத் தனி பெல்ட். இவ்வளவுக்கும் ஒரு வாசலில் ஐந்து நிமிஷம். எட்டு வாசல் என்றால் வண்டி நகராமலே நாற்பது நிமிஷம் போய்விடும். மொபைலில் மேப்பைக் காட்டி, “இருபது நிமிஷம்தானே போட்டிருக்கு?” என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வண்டி வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். விழா வைத்து, பூ கட்டி, தேங்காய் உடைத்து, சாவி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் சம்பளம் கொடுக்க, டயர் மாற்ற, எஃப்சிக்கு வண்டியைத் தயார் பண்ண யாரும் முன்வரமாட்டார்கள். அதில் போட்டோ இல்லை. ஒருமுறை ஒரு நன்கொடையாளர் பெரிய பஸ்ஸே கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் எங்கள் தெருக்களில் பாதிக்குள் அது நுழையாது. தெருமுனையில் நின்று, ஆட்களை அங்கே கொண்டுவரச் சொல்ல வேண்டியதாயிற்று. தெருமுனை வரை நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். முடியாதவர்கள் நின்றார்கள். மையத்தின் கணக்கில் இருக்கை கூடியது, வருகை குறைந்தது. பிறகு பழைய மாருதி ஆம்னி இரண்டு வாங்கி ஓட்டினோம். 2019-ல் ஆம்னி வருவது நிற்கும்வரை, சந்துக்குள் புகுந்து ஒரே ஒரு சக்கர நாற்காலிக்காரரை ஏற்றிவர அதைவிடத் தோதான வண்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. சின்ன வண்டியும் கூடுதல் நடையும்தான் இந்த ஊருக்குச் சரி.

அந்தக் காலத்து வண்டியின் பக்கவாட்டில் மையத்தின் பெயரும் யாருக்கான மையம் என்பதும் கொட்டை எழுத்தில் இருக்கும். நன்கொடை வர அது உதவும் என்று எழுதியிருந்தார்கள். வேளச்சேரியில் ஒரு குடும்பம் வீட்டு வாசலுக்கு வண்டி வரவேண்டாம் என்றது. மகனைக் கடைத்தெரு வரை நடத்திக் கூட்டிவந்து, அங்கே ஏற்றிவிடுவார் அம்மா. மழையானாலும் வெயிலானாலும் அப்படித்தான். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளின் கல்யாணம் முடிந்த மறுமாதம் அந்த அம்மாவே, “தம்பி, இனிமே வீட்டுக்கே வந்துடுங்க” என்றார். அடுத்த முறை வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது நிர்வாகத்திடம் சொல்லி, மையத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டோம். நன்கொடை ஒன்றும் குறையவில்லை. வாசலுக்கே வரச்சொன்ன வீடுகள் கூடின.

கிளீனர் பையன்களின் காலம் முடிந்து உதவியாளர் அக்காமார்கள் வந்ததுதான் நான் பார்த்த மாற்றங்களில் பெரியது. வண்டியில் பெண்கள் இருக்கிறார்கள். தொட்டுத் தூக்க வேண்டும். மாதவிலக்கு நாளில் துணி மாற்ற வேண்டியிருக்கும். வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பெண்ணை இரண்டு ஆண்களோடு தனியாக அனுப்பச் சொல்லி எந்தத் தாயிடமும் கேட்கக் கூடாது. இப்போது எங்கள் சட்டம் இது: கடைசி ஆள் இறங்கும்வரை அக்கா இறங்கக் கூடாது. அவர் வீடு வழியிலேயே வந்தாலும் சரி. அவர் வராத நாளில் வேறு பெண் உதவியாளர் வேண்டும், இல்லையென்றால் வண்டி எடுக்கக் கூடாது. டிரைவருக்கும் இதில்தான் பாதுகாப்பு.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். ஊரே கொதித்தது. உயர் நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. பள்ளி வண்டிகளை ஆண்டுதோறும் மைதானத்தில் நிறுத்தி ஆர்டிஓ அதிகாரிகள் தளத்தைத் தட்டிப் பார்ப்பதைச் செய்தியில் பார்க்கிறோம். பெரியவர்களை ஏற்றும் எங்கள் வேன் பள்ளி வாகனம் இல்லை. அந்த விதிகள் எங்களைத் தொடவில்லை. ஆனால் எங்கள் வண்டியில் வரும் முப்பது வயதுக்காரருக்குத் தளத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அதனால் பள்ளி விதிகளைப் படித்து, பொருந்துவதையெல்லாம் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டோம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அவசர வழி. யாரும் வந்து சோதிக்காத இடத்தில்தான் நாமே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலையில் வாசலில் அக்கா கேட்கும் கேள்விகள் நான்கு. ராத்திரி தூங்கினாரா? மாத்திரை போட்டாச்சா? வலிப்பு வந்துச்சா? வெளிக்குப் போனாரா? இந்த நான்குக்கும் பதில் வாங்காமல் கதவைச் சாத்தமாட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நலம் விசாரிப்பது போல இருக்கும். அன்றைய நாளே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். மாத்திரை தப்பினாலும் வரலாம். மூன்று நாள் வெளிக்குப் போகாதவர் வண்டியில் கத்துவார், அடிப்பார். அதைக் குணக்கேடு என்று எழுதிவைப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்க்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மையத்தில் கொடுப்பார். மாலையில் மையம் எழுதியதை வீட்டில் சொல்வார்.

வலிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுகிற வண்டியில் யாருக்காவது வலிப்பு வந்தால் முன்பெல்லாம் முதலில் தேடுவது இரும்புச் சாவிக்கொத்தைத்தான். அதைக் கையில் திணிப்பார்கள். வாயில் ஸ்பூனை நுழைத்துப் பல் உடைந்த கதையும் கேட்டிருக்கிறேன். இப்போது எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி உண்டு. வண்டியை ஓரம்கட்டி, மணி பார்க்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தி ஒருக்களித்துச் சாய்க்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு வருவதற்குள் அடுத்தது தொடங்கினால், 108. டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்து பையில் இருக்கும். அதை எப்போது அடிப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2008-ல் 108 வருவதற்கு முன் எங்கள் வண்டியே ஆம்புலன்ஸ். ஒருவரைக் காப்பாற்ற மற்ற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அந்தப் பதற்றத்தில் இன்னும் இரண்டு பேருக்கு உடம்பு கெடும்.

வெயில் காலத்துக்கு வேறு கணக்கு. சில வலிப்பு மாத்திரைகள் வியர்வையைக் குறைத்துவிடும். வெளியே பார்த்தால் வியர்க்காமல் சும்மா உட்கார்ந்திருப்பார், உள்ளே உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சொல்லவும் தெரியாது. மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டியில் ஆட்களை ஏற்றிவிட்டுப் பிறகு ஏசி போடுவது கூடாது. கதவையெல்லாம் திறந்து, வண்டியை ஆற வைத்து, பிறகு ஏற்ற வேண்டும். சக்கர நாற்காலியின் கம்பியையும் பெல்ட்டின் பக்கிளையும் நம் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவர்கள்மேல் பட விட வேண்டும்.

ரூட்டு போடுவது தனிக் கலை. தூரத்தை வைத்துப் போட்டால் டீசல் மிச்சமாகும், ஆள் நைந்துபோவார். காலையில் முதலில் ஏறுகிறவர் மாலையில் கடைசியாக இறங்குவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். கணக்குப் பார்த்தால் அவர் ஒருவரே நாளில் மூன்று மணி நேரம் வண்டியில் இருப்பார். டயபரோடு, ஒரே பக்கம் சாய்ந்து, அசையாமல். அதனால் காலையில் போன திசையிலேயே மாலையிலும் போகச் சொல்வேன். முதலில் ஏறியவர் முதலில் இறங்குவார். கிலோமீட்டர் கொஞ்சம் கூடும். யாரும் ஒரு மணி நேரத்துக்குமேல் வண்டியில் இருக்கக் கூடாது என்று ஒரு கோடு கிழித்தோம். அந்தக் கோட்டைக் காப்பாற்ற முடியாத தூரத்திலிருந்து சேர்க்கை கேட்டு வந்தால், முடியாது என்று சொல்ல நிர்வாகத்துக்கு மனசு வராது. சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பக்கத்தில் வேறு மையம் இருந்தால் விலாசம் கொடுத்து அனுப்புவேன்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை மேடவாக்கம் மெயின் ரோட்டில் தொடங்கியபோது ரூட்டு மொத்தமும் குலைந்தது. நேரம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் வண்டியில் ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞர். இடது பக்கம், இரண்டாவது ஜன்னல், அதுதான் அவர் இடம். வழியில் குறிப்பிட்ட ஒரு பெட்ரோல் பங்க் வரும்போது கையைத் தட்டுவார். தடுப்பு வைத்து வண்டியைச் சுற்றி விட்ட முதல்நாள் அந்த பங்க் வரவில்லை. தலையை ஜன்னலில் மோத ஆரம்பித்தார். அக்கா குறுக்கே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார், கை வீங்கிப்போயிற்று. அதன்பிறகு வழி மாறப்போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே அந்தப் புது வழியை மொபைலில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். ராத்திரி அவருடைய அப்பா அதைக் காட்டிக்காட்டிச் சொல்லி வைப்பார். புது வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்து அவரே அதற்குக் கை தட்ட ஆரம்பித்தார்.

வண்டியில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். நங்கநல்லூரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு அண்ணன். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர்தான், ஆனால் வண்டியில் எல்லாருக்கும் அவர் அண்ணன். வண்டி வருவதற்கு முன்பே குளித்து, பவுடர் போட்டு, கேட்டில் நிற்பார். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ஒருநாள் படிக்கட்டில் காலை வைக்கத் தயங்கினார். அடுத்த வாரம் படியைக் குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு ஏறவே பயந்தார். அடம் பிடிக்கிறார் என்றார்கள் வீட்டில். அக்கா ஒப்பவில்லை. “இவ்ளோ வருஷமா ஏறுன படி. இப்ப அது எவ்ளோ ஆழம்னு அவருக்குத் தெரியல” என்றார். மையம் டாக்டரிடம் அனுப்பியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நாற்பதுகளிலேயே வரலாம் என்பதை அங்கேதான் நான் கேள்விப்பட்டேன். படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினோம், கீழே ஒரு மரப்படி வைத்தோம். அதற்குப் பிறகும் பல மாதம் வந்தார்.

மாலை வாசலில்தான் கவனம் இன்னும் வேண்டும். கதவு திறக்காத வீட்டில் ஆளை விடக் கூடாது, பக்கத்து வீட்டில் ஒப்படைக்கவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று போன் நம்பர், யார் யார் கையில் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாள், இது இரண்டும் வண்டியில் இருக்கும். கீழ்க்கட்டளையில் ஒரு வீடு. எழுபது தாண்டிய அம்மா, நாற்பது வயது மகன், வேறு யாரும் இல்லை. ஒரு சாயங்காலம் காலிங் பெல் அடித்தும் பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டால் உள்ளே முனகல். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, காலையில் நாங்கள் மகனை ஏற்றிப்போன கொஞ்ச நேரத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். அந்த வீட்டுக்குத் தினமும் தவறாமல் வந்த ஒரே வெளியாள் எங்கள் வேன்தான். அம்மா ஆஸ்பத்திரியில். மகனை எங்கே விடுவது? மையத்தில் இரவு தங்க இடம் இல்லை. வெளியூரில் இருந்த தங்கை மறுநாள் வந்து சேரும்வரை மையத்திலேயே பாய் போட்டு, ஒரு ஆசிரியரும் நானும் கூட இருந்தோம். அதற்குப் பிறகு சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தது: இன்று இரவு நீங்கள் வீட்டில் இல்லை என்றால் இவர் யாரிடம் இருப்பார்? பாதி வீடுகளில் அந்தக் கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

‘யார் கையில் கொடுக்கலாம்’ என்பதும் லேசான விஷயம் இல்லை. பதினெட்டு வயது ஆகிவிட்டால் பெற்றோரேயானாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆவதில்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்து சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்கலாம். பலர் வாங்கி வைப்பதில்லை. அப்பா அம்மா போன பிறகு, சொத்து இருக்கிற வீட்டில், அண்ணன் ஒரு பக்கம் சித்தப்பா ஒரு பக்கம் என்று மையத்து வாசலில் வந்து நிற்பார்கள். “நான்தான் பார்த்துக்கறேன், என்கூட அனுப்புங்க” என்று இருவரும் சொல்வார்கள். நடுவில் அந்த மனிதர் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாளில் பெயர் இருப்பவரைத் தவிர யாரிடமும் கொடுக்காதே என்று டிரைவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்காக வசவு வாங்கியிருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மடிப்பாக்கமும் வேளச்சேரியும் மூழ்கியபோது எங்கள் ரூட்டு நோட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டது. எந்த வீட்டில் தரைத்தளத்தில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாருக்கு மாத்திரை தீர்ந்திருக்கும் என்ற விவரம் தெரு வாரியாக அதில்தான் இருந்தது. படகோடு வந்த இளைஞர்களிடம் அந்த நோட்டைப் பார்த்துப் போனில் விலாசம் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு வந்ததும் வண்டி நின்றது. மையம் பிறகு போன் வழியாகப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது. எங்கள் வண்டி அரிசி, மாத்திரை, டயபர் கொண்டுபோனது. மறுபடி ஆட்களை ஏற்றத் தொடங்கியபோது பழையபடி எல்லாரும் வரவில்லை. சிலருக்கு முட்டி மடங்கியபடியே நீட்ட முடியாமல் போயிருந்தது. தானாக ஏறிக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சினார்கள் சிலர். வாசலில் வண்டியை நிறுத்தி, ஏற்றாமல், பத்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்புவதையே ஒரு மாதம் செய்திருக்கிறோம். டீசல் வீண் என்று கணக்காளர் சொன்னார். அந்தப் பத்து நிமிஷத்தால் திரும்பி வந்தவர்கள் உண்டு.

மற்ற வழிகள் இல்லாமல் இல்லை. ஆட்டோ அண்ணன் ஒருவர் ஒரே பெண்ணைப் பதினைந்து வருஷத்துக்குமேல் ஏற்றிக் கொண்டுவந்து விட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்படி அமைந்தால் அதிர்ஷ்டம். கால் டாக்ஸி ஆப்பில் புக் செய்தால், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கேன்சல் செய்கிறவர்கள் உண்டு. ஏற்க நினைக்கிறவரின் கார் சிஎன்ஜி என்றால் டிக்கியில் சிலிண்டர் இருக்கும், நாற்காலி போகாது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 2,000 ரூபாய். போகவர ஆட்டோவுக்கே அது போதாது. உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதில் 2024 ஆகஸ்டில் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கும், சாய்தளமும் உண்டு. நல்ல வண்டி. ஆனால் வீட்டிலிருந்து ஸ்டாப் வரை நடைபாதை எங்கே இருக்கிறது?

2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. எங்கள் வீடுகளில் அந்த உடன் வரும் ஒருவர்தான் இல்லை. இருப்பது அறுபத்தைந்து வயது அம்மா. வேன் தருவது சக்கரத்தை அல்ல, அந்த ஒருவரை.

புதிதாக மையம் தொடங்க நினைக்கிறவர்கள் அவ்வப்போது என்னிடம் வந்து என்ன வண்டி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வண்டியைக் கடைசியில் பாருங்கள் என்பேன். சேரப்போகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் வாசலைப் பாருங்கள்: எத்தனை படி, யார் இறக்குவார்கள், மாலையில் யார் கதவைத் திறப்பார்கள். பிறகு உதவியாளரைத் தேடுங்கள். அவருக்கு டிரைவருக்கு இணையான சம்பளம் எழுதுங்கள். இன்றைக்குப் பல இடங்களில் அவர் வாங்குவது டிரைவரைவிடக் குறைவு. வீட்டுவேலையில் இதைவிடக் கூடக் கிடைக்கிறது என்று இரண்டு வருஷத்தில் போய்விடுகிறார்கள். அவர் போனால் யாருக்கு எங்கே மடக்க வேண்டும், யார் எதற்குக் கை தட்டுவார் என்ற படிப்பு முழுக்க அவரோடு போகிறது. அந்தச் சம்பளத்துக்குப் பணம் வந்த பிறகு வண்டியைப் பற்றிப் பேசலாம். வண்டி கொடுக்க யாராவது கட்டாயம் வருவார்கள்.